தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் கொதித்த கார்

கோடை முழுக்க இழுத்தடித்த வேலை ஒருவழியாக முடிந்தது. உச்சி வெயிலில், ஏசி ஓட, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறியும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. சரி, இனி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வண்டி 2008 மாடல் டீசல் கார். மாமா பாலக்கோட்டில் வைத்து ஓட்டியது, அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு என் கைக்கு வந்தது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங், அதாவது ஆயில் ஊற்றும் வகை. இப்போது வரும் சின்ன கார்கள் பெரும்பாலும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங். அவற்றில் ஆயில் டப்பாவே கிடையாது என்பதால் பானெட்டைத் திறந்து தேட வேண்டியதில்லை.

ஊருக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் சூடு ஏறாது. கிருஷ்ணகிரி வரை சமதளத்தில் 80-ல் போனாலும் ஏறாது. தொப்பூரில் இரட்டைப் பாலம் தாண்டி, முன்னால் ஒரு லோடு லாரி முக்கிக்கொண்டு ஏற, அதன் பின்னால் இரண்டாவது கியரில் ஊரும்போதுதான் முள் எழும்பும். கூடவே இன்னொன்று: வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது ஸ்டியரிங் கனத்தது, கடைசி வரை ஒடித்தால் உர்ரென்று முனகியது. இரண்டையும் வேறு வேறு வியாதியாகத்தான் எல்லாரும் பார்த்தார்கள், நானும்தான்.

முதலில் ரோட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முள் முக்கால்வாசி தாண்டியதும் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் பிளோயரை முழு வேகத்திலும் வைத்தேன். உள்ளே உட்கார முடியாது. ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். கணவாயில் வளைவில் நிறுத்தக் கூடாது, மேலிருந்து வரும் வண்டியை விடப் பின்னால் ஏறிவரும் வண்டிதான் ஆபத்து. கொஞ்சம் தள்ளி ஓரம் அகலமாக இருக்கும் இடம் வரை ஊர்ந்துபோய், நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நல்ல தூரத்தில் வைத்து, ஆட்களை ரோட்டை விட்டு இறக்கிவிட வேண்டும். வண்டியை நகர்த்தவே முடியாவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

முள் சிவப்பைத் தொடாமல், ஆவியும் கிளம்பாமல் இருந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விடலாம். ஃபேனும் பம்பும் சுற்றிக்கொண்டே இருப்பதால் சூடு தானாக இறங்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால், அல்லது ஆவி வந்தால், உடனே ஆஃப். முள் திடீரென்று கீழே விழுந்தாலும் நம்பக் கூடாது. தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் முள் பொய் சொல்லும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் விழுந்துவிடும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி விறைத்திருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அது தொளதொளவென்று ஆகும் வரை காத்திருந்து, மூடியைத் தடித்த துணியால் மூடி, முதல் திருகில் நிறுத்திக் காற்றை விட்டேன். பிறகு இன்ஜினை ஐடிலில் வைத்து, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைச் சன்னமாக ஊற்றினேன். இரண்டு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி இறங்கியது.

மறுநாள் காலை இன்ஜின் பச்சைத் தண்ணீராய் ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். காசு குறைவாகப் பிடிப்பதிலிருந்து மேலே போவது என்று திட்டம்.

முதலில் இன்ஜின் ஆயில் குச்சி. ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் போல வெளுக்கும், அப்படி இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன், வாயில் விடாமல் குமிழி வரவில்லை. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போகவில்லை என்று ஓரளவு நிம்மதி.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. மேலே 0.9 என்று அச்சடித்திருக்கும், 0.9 பார் அழுத்தம் தாங்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி லூசானால் 100-லேயே கொதித்து வழியும். என் மூடியில் ரப்பர் வளையம் நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. புதுசு 180 ரூபாய், போட்டுவிட்டேன். சூடு ஏறுவது நிற்கவில்லை, நின்றுவிடும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் மூடியைக் கழற்றிய இடத்தில், ரேடியேட்டர் வாயின் உள்விளிம்பில், இட்லிச் சட்டி அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் படிவம். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு செதிலைப் பெயர்த்து ஒரு தட்டில் போட்டு, எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து நாலு சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மாமா, ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்துவீங்க?”

“எந்தத் தண்ணின்னா? தோட்டத்து போர் தண்ணிதான் மாப்ள. நாங்க குடிச்சதே அதைத்தானே இத்தன வருசமா.”

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் என்றதும் எல்லாரும் ஃபுளோரைடைத்தான் சொல்வார்கள். பல் மஞ்சளாகி, எலும்பு வளைந்து இந்த மாவட்டங்கள் பட்ட பாடு அப்படி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ரேடியேட்டருக்கு எதிரி ஃபுளோரைடு இல்லை. அதே தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் சூடானதும் படிகின்றன. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரைவிடத் தேவலாம், அவ்வளவுதான். ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

படிவத்தைப் பார்த்ததுமே ரேடியேட்டரைக் கழற்றியிருக்கலாம். ஆனால் அது நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை. அதற்கு முன், சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு 10-ம் நம்பர் போல்ட்டைக் கழற்றி எடுத்தேன். ஓரத்தில் 82 என்று வெட்டியிருந்தது, அது திறக்கத் தொடங்க வேண்டிய டிகிரி. பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பால் காய்ச்சும் தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டு அடுப்பைச் சிம்மில் வைத்தேன். 83-ல் வாய் திறக்கத் தொடங்கி 94-ல் முழுதாகத் திறந்தது. தங்கமான வால்வு. 40 ரூபாய்க்கு கேஸ்கெட் வாங்கி அதையே திரும்ப மாட்டினேன்.

இந்த இடத்தில் ஒரு சண்டை உண்டு. பட்டறைக்குப் போனால் “வால்வைத் தூக்கிக் கடாசிடலாம் சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு” என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் இன்ஜின் காலையில் சூடாகவே ரொம்ப நேரம் எடுக்கும், டீசல் குடிக்கும், உள்ளே தேயும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஃபேனைச் சோதிப்பது சுலபம். ஐடிலில் விட்டுக் காத்திருந்தேன், முள் பாதிக்கு வந்ததும் ஓடியது, பிறகு நின்றது. ஊருக்குள் சூடாகி ரோட்டில் ஆறினால் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும். ஏற்றத்திலும் லோடிலும் மட்டும் சூடானால் ரேடியேட்டரையோ பம்பையோ. என் வண்டி இரண்டாவது ரகம்.

பம்பைப் பார்க்கக் குனிந்தபோதுதான் ஸ்டியரிங் ஆயில் கதைக்குள் வந்தது.

இந்த இன்ஜினில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஸ்டியரிங் பம்ப் மூன்றையும் இழுப்பது ஒரே பெல்ட். எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது. சிலவற்றில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டோடு போய்விடும். ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் கீழ், பம்புக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் நனைந்திருந்தது. அங்கிருந்து ஒரு கோடு வழிந்து, புழுதி ஒட்டிக் கறுத்து, நேராக பெல்ட்டின் மேல் முடிந்தது. பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 20 மி.மீ. இறங்கியது. 10 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். ஏற்றத்தில் ஃபேனுக்கும் ஏசி பிளோயருக்கும் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் ஸ்டியரிங்கும் சேர்ந்து இழுக்கும்போது பெல்ட் வழுக்கியிருக்கிறது. வாட்டர் பம்ப் சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை. தொப்பூரில் பேட்டரி விளக்கு மங்கலாகக் கண் சிமிட்டியதற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது.

ஸ்டியரிங் ஆயிலைப் பார்ப்பதில் பெரிய வித்தை இல்லை. வண்டி சமதரையில், சக்கரம் நேராக, இன்ஜின் ஆஃபில். டப்பா மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், ஒரு மணல் துகள் விழுந்தால் பம்பைச் சுரண்டிவிடும். மூடியோடு சேர்ந்த குச்சியில் ஆறிய நிலைக்கு ஒரு கோடு, சூடான நிலைக்கு ஒரு கோடு. என்னுடையது ஆறிய கோட்டுக்கும் கீழே. குச்சியை வெள்ளைத் துணியில் ஒற்றினேன். சிவப்பாக இருக்க வேண்டியது டிக்காஷன் நிறம், மோந்தால் கருகல் நெடி. நுரை இருந்தால் காற்று இழுக்கிறது என்று அர்த்தம், அதுவும் கொஞ்சம் இருந்தது. அந்த உர்ர் சத்தம் இதுதான்.

எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். என் வண்டிக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில், டெக்ஸ்ரான் வகை. வேறு சில கார்களுக்குப் பச்சை நிற ஆயில் வரும், இரண்டையும் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும், பிறகு செலவு ஆயிரக்கணக்கில்.

முழுதாகக் கழற்றி வடிக்க லிஃப்ட் இல்லை. மெடிக்கலில் பெரிய சிரிஞ்சை 60 ரூபாய்க்கு வாங்கி, முனையில் ஒரு முழம் டியூப் மாட்டி, டப்பாவிலிருந்த பழையதை உறிஞ்சி எடுத்தேன். புதுசு ஊற்றி, ஓட்டி, மறுபடி உறிஞ்சி, துணியில் சிவப்பு தெரியும் வரை இதே வேலை. இரண்டு லிட்டர் ஆயில், 760 ரூபாய், தீர்ந்தது. ஹோஸையும் இரண்டு கிளாம்ப்பையும் 190 ரூபாய்க்கு மாற்றினேன். பழைய கிளாம்ப் ஸ்பிரிங் வகை, புதுசு திருகு வகை. பெல்ட் 620. மாட்டும் முன் எல்லாப் புல்லிகளின் பள்ளத்தையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். எண்ணெய்ப் புல்லியில் புது பெல்ட் போட்டால் அதுவும் வழுக்கும்.

காற்றை எடுக்க முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை அணைத்தபடி ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பினேன். டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து மறுபடியும் அதையே. கடைசியில் கொண்டுபோய்ப் பிடித்து வைக்கக் கூடாது, ஐந்து விநாடிக்குள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் தன் ஆயிலைத் தானே கருக்கும். சத்தம் அன்றே நின்றது. ஒரு விரலால் திருப்பலாம் போல ஆகிவிட்டது.

புது பெல்ட்டோடு தொப்பூர் போனேன். முள் முன்பு போல எழும்பவில்லை, ஆனாலும் பாதியைத் தாண்டியது. மிச்சம் உப்பு.

950 ரூபாய்க்கு வாங்கிய லேசர் தெர்மாமீட்டர் இங்கேதான் காசைத் திருப்பித் தந்தது. பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் அது குறைத்துக் காட்டும். கறுப்பு ரப்பர் ஹோஸிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் சரியாகக் காட்டும். ஓடி வந்த சூட்டோடு, ஃபேன் நின்றிருக்கும்போது அளந்தேன். மேல் ஹோஸ் 92, கீழ் ஹோஸ் 61. ரேடியேட்டரின் பின்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடித்த வலையில் வரிசையாகக் காட்டிக்கொண்டு போனால் 84, 82 என்று வந்து, நடுவில் பெரிய திட்டாக 47, 45. அந்தத் திட்டுக்குள் தண்ணீரே போகவில்லை.

கழற்றியபோது தண்ணீரைப் பெரிய டப்பில் பிடித்தேன். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். தெருவில் விடாதீர்கள், குழந்தைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். என் டப்பில் கூலன்ட் வாசமே இல்லை, துருத் தண்ணீர்தான். இருந்தாலும் பிடித்தேன்.

கிருஷ்ணகிரியில் லாரி ரேடியேட்டர் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் டேங்க்கின் விளிம்பு மடிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி டேங்க்கைக் கழற்றி, குழாய் வாய்களை வெளிச்சத்தில் காட்டினார். பாதிக்கு மேல் வெள்ளையாக மூடியிருந்தன. சிலதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல் மட்டும். “போர் தண்ணியா தம்பி?” என்று மட்டும் கேட்டார். மெல்லிய பட்டைக் கம்பியைக் குழாய் குழாயாக விட்டு, தண்ணீர் அடித்து, திரும்ப விட்டு என்று மாலை வரை போனது. கூலியும் புது கேஸ்கெட்டும் சேர்த்து 1,400.

அந்த நேரத்தில் ஏசியின் சூட்டை வெளியே விடும் வலையான கண்டன்சரைக் கழுவினேன். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது அதுதான். பூச்சியும் செம்மண்ணும் சேர்ந்து பாதி அடைப்பு. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீர். பிரஷர் வாஷ் வைத்தால் இறகுகள் மடங்கிப்போகும்.

இன்ஜின் பிளாக்குக்குள்ளும் எலுமிச்சை உப்பை ஓடவிடலாமா என்று ஆசை வந்தது. பிளாக்கில் பெயரும் செதில்கள் போய் உட்காரப்போவது இப்போதுதான் குத்திய குழாய்களில். அந்த ஆசையை விட்டுவிட்டு, ரேடியேட்டர் இல்லாத நிலையில் ஹோஸ் வழியாகக் கேன் தண்ணீர் விட்டுத் தெளியும் வரை கழுவி, கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டேன்.

நிரப்பும்போது ஒரு கணக்கு. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். ஆனால் கழுவிய தண்ணீர் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒரு லிட்டருக்கு மேல் தங்கியிருக்கும். முன்கூட்டியே கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். அதனால் முதலில் கூலன்ட் கான்சன்ட்ரேட் இரண்டு லிட்டரை நேராக ஊற்றிவிட்டு, மேலே டிஸ்டில்டு வாட்டர். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இந்த ஊர்க் குளிருக்கு அது தாராளம். துருவைத் தடுப்பதும் கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றுவதும்தான் நமக்கு வேண்டியது. கூலன்ட் 700, டிஸ்டில்டு வாட்டர் 240.

வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடியில்லாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். தெர்மோஸ்டாட் திறந்த நொடியில் மட்டம் சட்டென்று இறங்கியது, மறுபடி ஊற்றினேன். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் காற்றுப் பொட்டலம் இல்லை என்று நம்பலாம்.

முதல் பரீட்சைக்குத் தொப்பூரை வைக்கவில்லை. அங்கே பழுதானால் பின்னால் லாரி வரிசை. பென்னாகரம் போய் ஒகேனக்கலுக்கு இறங்கி, மத்தியானம் அதே மலைப்பாதையில் ஏசியோடு ஏறினேன். மேலே வந்து அளந்தால் மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 80. வலையில் குளிர்ந்த திட்டு எங்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் தொப்பூர்.

தெர்மாமீட்டர் நீங்கலாக 4,190 ரூபாய். மறுபடி செய்வதாக இருந்தால் இரண்டை மாற்றுவேன். முதலாவது, அலுமினியக் குழாயைக் கம்பி விட்டுக் குத்த மாட்டேன். சுவர் மெலிந்துவிடுகிறது, எப்போது வேண்டுமானாலும் ஒழுகலாம். 4,500-க்குப் புது ரேடியேட்டர் கிடைக்கிறது, 1,400 கொடுத்து அதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன், அவ்வளவே. இரண்டாவது, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன், அதற்கு ஸ்பேனரே வேண்டாம். சமதளத்தில் உப்பு தனியாக இருந்தாலும் தெரிந்திருக்காது, வழுக்கும் பெல்ட் தனியாக இருந்தாலும் தெரிந்திருக்காது. சேர்ந்து ஏற்றத்தில் மாட்டிக்கொண்டதால் தெரிந்தது.

இப்போது டிக்கியில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடக்கிறது, மேலே மார்க்கரில் “ரேடியேட்டருக்கு மட்டும்” என்று எழுதி. ஸ்டியரிங் ஹோஸின் புதுக் கிளாம்ப்பைச் சூட்டில் ஒரு தடவை இறுக்கினேன், இன்னும் விரலில் லேசாகப் பிசுபிசுக்கிறது. ஆயில் மட்டம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்த ஹோஸ் மாட்டும் நிப்பிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.